வாலுக்குக் கிடைத்த மரியாதை

சமையலறைச் சுவரில் இருந்த பல்லி மேல் பூனை ஒருநாள் பாய்ந்தது. பல்லி தன் குல வழக்கப்படி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேடையில் இருந்த அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கீழே விழுந்த வால் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கரகாட்டக்காரி பார்த்திருந்தால் கரகத்தை இறக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பாள்.

பூனை அதன் முன்னால் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. "அடேயப்பா, இதுவல்லவா உயிருள்ள பல்லி" என்றது.

பல்லிக்கு அடிவயிறு எரிந்தது. டப்பாவடியில் இருந்த எறும்பு, "அக்கா, பூனை போகிறவரைக்கும் வாயைத் திறக்காதே, பிழைத்துக்கொள்வாய்" என்று கிசுகிசுத்தது.

"எப்படிடி பொறுப்பேன்? நேற்றுவரை என் பின்னால் இழுபட்டு வந்ததுக்கு இத்தனை மரியாதையா?" என்ற பல்லி, விடுவிடுவென்று டப்பாமேல் ஏறியது.

"ஏ பூனை, உன் கண் அவிந்தா போச்சு? அதுக்கு வாய் உண்டா, வயிறு உண்டா? மூச்சு விடுமா? முட்டை போடுமா? நான் பூச்சி பிடித்துத் தின்கிறேன், வளர்கிறேன், பிள்ளை பெறுகிறேன். அது போனால் எனக்கு இன்னொன்று முளைக்கும். நான் போனால் அதுக்கு முளைக்குமா?"

அதற்குள் வால் ஆடி ஓய்ந்துவிட்டது. பூனை நிமிர்ந்து பார்த்தது.

"தப்பு என்மேல்தான் தாயே. உயிருள்ளது நீங்கதான்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, டப்பாவை நோக்கி வந்தது.

பல்லி அவசரமாகப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தது. கழற்றிப் போட அங்கே ஒன்றும் இல்லை.