கவிழ்த்து வைத்த பாத்திரங்கள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் பெரில். போன வருஷம் அறுவடை ஆராதனைக்கு மறுநாள், சபைச் சமையலறையில் நாங்கள் இருவரும் தட்டு துடைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோடையில்தான் சிரிலின் மனைவி வின்னி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். சிரிலுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அதனால் வாரம் ஒருத்தியாக முறை வைத்து, ஏவாள் புட்டிங் செய்து கொடுத்தனுப்பினோம். அடியில் புளிப்பு ஆப்பிள், மேலே பஞ்சு மாதிரி கேக். அவருக்கு அது உயிர்.

புட்டிங் போனது. பாத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கேட்டால், இன்னும் கழுவவில்லை என்பார். எங்களில் ஒருத்தியான மேவிஸ் விடாமல் கேட்டதற்கு, "ஏவாள் குடுத்ததை ஆதாம் திருப்பிக் குடுத்தானா என்ன?" என்று சிரித்தாராம்.

எட்டுப் பாத்திரம் போனதும், இனி அவருக்குப் புட்டிங் கிடையாது என்று முடிவாயிற்று. பெரிலுடையது அவள் அம்மா விட்டுப்போன பாத்திரம். கையோடு வாங்கி வரக் கிளம்பினாள்.

அன்று நல்ல பனிமூட்டம். சிரில் வீட்டு ஆப்பிள் மரங்கள் பாலில் மிதப்பதுபோல நின்றனவாம். கதவு திறந்திருந்தது. சமையலறை ஜன்னலோரம், மங்கின வெளிச்சத்தில், எட்டுப் பாத்திரமும் பளபளவென்று வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

பெரிலுக்குச் சுருக்கென்றது. "கழுவித்தானே வெச்சிருக்கீங்க, சிரில்? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"எடுத்துக்கோ கண்ணு," என்றார் அவர். "ஒரே ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்."

அவள் பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி. அதில் நீல மையில் 'பெரில்' என்று இருந்தது. அதை விரலால் தடவினார்.

விருந்துகளில் மாறிப்போகாமலிருக்க, எங்கள் எல்லோர் பாத்திரத்திலும் பெயர் எழுதி ஒட்டினவள் வின்னிதான்.

"எங்க வீட்டுப் பாத்திரத்துல மட்டும் எழுதலை. அது எங்கயும் போகப்போறதில்லையேன்னு விட்டுட்டா. கடுதாசி எழுதற பழக்கமும் இல்லை அவளுக்கு."

பெரில் வெறுங்கையோடு திரும்பினாள். இன்னும் கழுவவில்லையாம் என்று எங்களிடம் பொய் சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை, வீட்டிலிருந்த இன்னொரு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்து, அடியில் வின்னியின் எழுத்து இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அதில் மாவை ஊற்றினாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று பாத்திரம் தேய்க்கும்போது அடியில் யாராவது எழுதின பெயர் இருந்தால், அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் துடையுங்கள்.