பச்சை விளக்கு

"நான் உள்ளே வரமாட்டேன். நீயே போய்க் குடுத்துட்டு வா" என்றான் ஃபெர்மின், வண்டியின் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு.

அவன் மனைவி ஒதிலியாவுக்குக் கோபம் வந்தது.

"உன்னை ஜெயில்லேர்ந்து வெளியே கொண்டு வந்த மனுஷனுக்கு ஒரு நன்றி சொல்லக் கூடாதா? இப்படி ஒரு நன்றி கெட்டவனா?"

"சட்டசபை வாசல்ல எத்தனை போலீஸ்னு பார்த்தியா? இங்க நிக்கறதே எனக்கு உதறுது. சீக்கிரம் வா."

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வேனின் பின் விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லை என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டு போய், இருபத்திரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து பதினான்கு வருஷமாக இறைச்சி ஆலையில் வேலை செய்கிறவன்.

அப்போது ஒதிலியா ஓடியது லிண்ட்ஹோமிடம்தான். அவர்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்து, உடைந்த ஸ்பானிஷில், "நான் இருக்கற வரைக்கும் ஒரு குடும்பத்தையும் பிரிக்க விடமாட்டேன்" என்று தழுதழுத்தவர். சொன்னபடியே ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் பார்த்த நீதிபதி, வழக்கு முடியும்வரை ஃபெர்மினை வீட்டில் இருக்க அனுமதித்தார்.

"இன்னொரு தடவை போலீஸ் கையில சிக்கினா நேரா குவாத்தமாலாவுக்கு விமானம்தான்" என்று வக்கீல் எச்சரித்திருந்தார்.

ஒதிலியா லிண்ட்ஹோமுக்காகச் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.

"அதுல என்னம்மா?" காவலர் தடுத்தார்.

"தமாலே... சோள மாவுல கோழி வச்சு அவிச்சது."

காவலர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "வாசனையே ஆளைத் தூக்குது. மேல கேலரியில உக்காந்து சாப்பிடக் கூடாது, கையிலேயே வச்சுக்கங்க. போங்க."



மேலே பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண்மணி, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. எதிர்ச் சுவரில் பெரிய பலகை. அதில் உறுப்பினர் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பச்சையோ சிவப்போ எரிந்துகொண்டிருந்தது.

லிண்ட்ஹோம் பெயரைத் தேடிப் பிடித்தாள். அங்கே மட்டும் விளக்கே இல்லை.

கீழே அவர் தலை நிமிர்ந்தார். அவளைப் பார்த்துவிட்டார்! முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்தார். பிறகு குனிந்து ஒரு பொத்தானை அமுக்கினார்.

பச்சை.

ஒதிலியா படபடவென்று கைதட்டினாள்.

பக்கத்துப் பெண்மணி திரும்பி முறைத்தாள். ஸ்பானிஷிலேயே கேட்டாள், "எதுக்கும்மா தட்டற?"

"எங்க ஊர் சாருக்குப் பச்சை எரிஞ்சுதே!"

"இது என்ன சட்டம்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. பச்சைன்னா நல்லதுதானே?"

பெண்மணி கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரோட்டுல யாரை நிறுத்தினாலும் போலீஸ் காகிதம் கேட்டே ஆகணும். இல்லாதவங்களைப் பிடிச்சுக் குடியேற்றத் துறைகிட்ட குடுத்தே ஆகணும். பாவம்னு விட்டா அந்தப் போலீஸ்காரனுக்கு வேலை போயிடும். இதுதான் சட்டம். பச்சைன்னா வேணும்னு அர்த்தம்."

ஒதிலியாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அவர்... தெரியாம அமுக்கியிருப்பார்."

"நான் ஓய்வுபெற்ற டீச்சர். பொழுது போகாம நாலு வருஷமா யார் எதுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எழுதிட்டு வரேன்." நோட்டைப் புரட்டிக் காட்டினாள். "இதே மாதிரி ஏழு சட்டம். சர்ச்சுல உருக்கமா பேசுவார். இங்க ஏழுக்கும் பச்சை. இன்னிக்கு இருபத்தஞ்சுக்கு இருபத்திநாலு. அவர் ஒருத்தர் ஓட்டுலதான் ஜெயிச்சிருக்கு."

"எப்போலேர்ந்து?"

"கவர்னர் கையெழுத்துப் போடக் காத்திருக்கார். சாயங்காலமே அமல்."

சாயங்காலம். வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேர ரோடு. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கீழே வேனில் ஃபெர்மின்.

ஒதிலியா எழுந்து ஓடினாள்.

வெளியே தாழ்வாரத்தில் லிண்ட்ஹோமே எதிரே வந்தார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. பின்னால் கேமராக்காரர்.

"சகோதரி ஒதிலியா! இவ்வளவு தூரம் என்னைப் பார்க்கவா வந்தீங்க? ஃபெர்மின் எப்படி இருக்கார்?" பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "அடடா, எனக்கா?"

கேமரா பளிச்சிட்டது.

"சார்... அந்தப் பச்சை விளக்கு... இப்போ நாங்க எப்படி சார் வீட்டுக்குப் போறது? அவர்தான் வண்டி ஓட்டணும். வழியில நிறுத்திட்டா?"

லிண்ட்ஹோம் அவள் தோளில் கை வைத்தார். அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது.

"எதுக்குப் பயம்? உங்களுக்கு நான் இருக்கேன் சகோதரி. பிடிச்சா உடனே என் ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. போன தடவையை விட நல்லா, இன்னொரு கடிதம் எழுதித் தரேன்!"