பத்து மணி சாமுராய்

"புதன்கிழமை காலையிலயா? முடியாது தமாயே-சான். பத்து மணிக்கு டிவி பார்க்கணும்."

தமாயேவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஹிசானோவின் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வசந்த காலம் வரைக்கும் இடமே இல்லை என்றவர்களிடம் நாலு நாள் நடையாய் நடந்து, குனிந்து வணங்கி, தமாயே வாங்கிவந்த ஆபரேஷன் தேதி அது.

அதற்குக் குறுக்கே நிற்பது ஒரு பழைய சாமுராய் தொடர். அதுவும் மறு ஒளிபரப்பு.

"அந்த சாமுராய் எங்க ஓடிடப் போறான்? முப்பது வருஷமா அதே பத்துப் பேரைத்தான் வெட்டிக்கிட்டு இருக்கான். நான் பதிவு பண்ணி வைக்கிறேன், சாயங்காலம் சாவகாசமா பாருங்க."

"சாயங்காலம் பார்த்து என்ன ஆகப் போகுது?" என்றாள் ஹிசானோ.

ஏழு வருஷப் பழக்கம். ஹிசானோவைத் தேடி உறவென்று ஒருவர் வந்து தமாயே பார்த்ததில்லை. கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் பத்து மணி ஆனால் போதும், திரைக்கு ஒரு முழத் தூரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்படியொரு பைத்தியம். இத்தனைக்கும் அதில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று கேட்டால் தெரியாது என்பாள். புத்தாண்டு விடுமுறையில் ஊரே உட்கார்ந்து பார்த்த ஐந்து மணி நேர சாமுராய் படத்தின்போது, டிவியை அணைத்துவிட்டுக் குழந்தை மாதிரி தூங்கினாள்.

தனிமை மனுஷியை இப்படியெல்லாம் ஆக்கும் போலிருக்கிறது. கணவர் போன பிறகும் மிசோ சூப்பை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிவைத்த நாட்கள் தமாயேவுக்கும் உண்டு. நாளைக்குத் தனக்கும் இதே கதிதானோ என்ற பயம்தான், யோசித்துப் பார்த்தால், அவளை ஆஸ்பத்திரிக்கு அலைய வைத்தது.

பத்து மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. தமாயே கோபத்தோடு அங்கேயே உட்கார்ந்தாள்.

"கண்ணே போயிட்டா அப்புறம் எதைப் பார்ப்பீங்க?"

ஆற்றங்கரையில் நாயகன் வாளை உருவினான். சரியாக அப்போது ஒரு மணிச் சத்தம். திரையின் மேல் ஓரத்தில் அவசரச் செய்தி ஒற்றை வரியாக வந்து நின்றது.

ஹிசானோ மூக்கு உரசும் அளவுக்குத் திரையை நெருங்கினாள். கண்ணைக் கசக்கினாள். பிறகு தமாயேவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுத்து தெரியல எனக்கு. பேரை மட்டும் படிங்க."

"முராகோஷி தெய்ஜி."

பிடி தளர்ந்தது. ஹிசானோ இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி பாயில் படும்படி திரையை நோக்கி வணங்கினாள். எழுந்திருக்க வெகு நேரமானது.

"இன்னைக்கும் என் பையன் பேரு இல்ல. முன்கூட்டி யாருக்கும் சொல்ல மாட்டாங்க, பெத்தவளுக்குக்கூட," என்றாள். "ஆபரேஷனை சனிக்கிழமை வச்சுக்க முடியுமான்னு கேளுங்க தமாயே-சான். சனி, ஞாயிறுலயும் புத்தாண்டு லீவுலயும் அவங்க யாரையும் தூக்குல போடறதில்ல."