வடக்கு மூலை

“கடைசியா இந்தக் கோட்டையில யாரு குடியிருந்தாங்க?” என்று நோரீன் என்னைக் கேட்டார்.

இடிந்த அந்தக் கோட்டைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது என்பதால் சாவி எங்களிடம்தான் இருக்கும். யார் வந்தாலும் நான் கூடப் போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஊர்ப் பெரியவர் ஃபெஸ்டஸ் முந்திக்கொண்டார். “எங்கப்பாவோட சிவப்புப் பசு. மழைக்கு ஒதுங்குச்சு. அப்புறம் வெளிய வரவே மாட்டேன்னுடுச்சு.”

நோரீன் சிரித்தார். டப்ளினிலிருந்து அளவெடுக்க வந்த பெண். பார்க்க வருகிறவர்கள் மேலே ஏறுவதற்கு இரும்புப் படிக்கட்டு வைக்கப்போகிறார்கள். அதற்கு நாளைக்கு வடக்கு மூலையில் குழி தோண்ட வேண்டும்.

அந்த மூலையில் மட்டும் யாரும் தோண்டக் கூடாது. ஃபெஸ்டஸுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக எண்பத்தாறு வயதில் மூன்று நாளாக மேடேறி வந்துகொண்டிருந்தார்.

முதல் நாள், சுவர் சரிந்துவிடும் என்றார். நோரீன் தட்டிப் பார்த்தார். ஆங்கிலேயரின் பீரங்கிக்கும் அசையாமல் நின்ற சுவர் அது ஒன்றுதான்.

மறுநாள் வேறு காரணம். “அங்க கை வச்சா மண்ணுக்கு அடியில இருக்கிறவங்க கோவிச்சுக்குவாங்கம்மா. வீட்டுல பாலெல்லாம் திரிஞ்சுபோகும்.”

“பரவாயில்லைங்க, நான் பால் இல்லாமதான் டீ குடிப்பேன்” என்றார் நோரீன்.

பசுக் கதை மூன்றாம் நாள். நோரீன் எதையும் பார்க்காமல் விடமாட்டார். கூரை வளைவைக் காட்டி, காரையில் பதிந்திருந்த விளாறுக் குச்சிப் பின்னலின் அச்சைப் பார்க்கச் சொன்னார். ஐந்நூறு வருடத்துக்கு முன் மக்வால்டர் குடும்பம் இதைக் கட்டியபோது அடியில் முட்டுக்கொடுத்த பின்னலாம். விளாறு மக்கிவிட்டது. முடிச்சுகள் கூட அப்படியே தெரிந்தன. இத்தனை வருடம் அதன் கீழே நடந்திருக்கிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

பிறகு என் காதருகே குனிந்தார். “அந்தாளு அங்க சாராயம் ஏதும் புதைச்சு வச்சிருக்காரா?”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் காய்ச்சிய சாராயத்தைப் போலீசுக்குப் பயந்து இடிபாடுகளில் புதைத்துவிட்டு, இடத்தை மறந்துபோனவர்கள் உண்டு.

நோரீன் அந்த மூலையில் மண்டியிட்டுச் சிறு கொத்துக்கரண்டியால் புல்லைச் சீவினார்.

வெள்ளைக் கூழாங்கல் ஒன்று வந்தது. அதையொட்டி இன்னொன்று. ஒரு முழ நீளத்துக்கு ஒரு வளையம். பக்கத்தில் இன்னொரு வளையம். மொத்தம் ஏழு.

“இது கடற்கரைக் கல்லாச்சே. இதைப் போயி யாரு மேட்டுக்குத் தூக்கிட்டு வந்தது?”

கேட்டு முடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வைக்கும் முன்பே இறந்த குழந்தைக்கு அந்தக் காலத்தில் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. பாதிரியார் வரமாட்டார். அப்பாதான் யாருக்கும் சொல்லாமல், யாரும் உழாத இடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார். இதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். எங்களிடம் சாவி இருக்கும் இந்தக் கோட்டையும் அப்படி ஓர் இடம் என்று யாரும் சொன்னதில்லை.

ஃபெஸ்டஸ் தொப்பியைக் கழற்றினார்.

“கதவோரத்திலேர்ந்து மூணாவது எங்களது.”

நோரீன் மூலையில் அடித்திருந்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். வரைபடத்தில் படிக்கட்டை அழித்துத் தெற்குப் பக்கம் போட்டார். வடக்கு மூலையில் ஏழு சின்ன வளையங்கள் வரைந்தார். மூன்றாவதன் மேல் பென்சில் நின்றது.

“குழந்தைக்கு என்ன பேருங்க?”

மூன்று நாளாக வாய் ஓயாமல் பேசிய மனிதர் தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசலில் தலை குனிந்து வெளியேறி, மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.