ஆன்சியைத் தூக்கிய கைகள்

குழந்தை ஆன்சிக்கு இரண்டாம் முறையாகக் கை முறிந்தபோது மரியதாஸ் தன் தங்கை ஜெசிந்தாவைத்தான் சந்தேகப்பட்டான். அவனும் மனைவியும் வேலைக்குப் போனபின் அவள்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். “பச்சப்புள்ளய அடிச்சிருக்கியே, நீயெல்லாம் மனுசியா?” என்று தெருவே கேட்கக் கத்தினான். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் முறை, அவன் பிடியில் இருக்கும்போதே குழந்தையின் கை முறிந்தது. சட்டை மாட்டிவிட்டான், அவ்வளவுதான். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, “யாரும் அடிக்கலைங்க,” என்றார். “எலும்புக்கு உறுதி கொடுக்கிறது கொலாஜன்னு ஒரு புரதம். அதுக்கான மரபணுவில ஒரேயொரு எழுத்து மாறிப்போச்சு. அதனால புரதம் கயிறு மாதிரி சரியா முறுக்கேறல. பிறவியிலேயே இப்படித்தான்.” அவர் பேசப் பேச, தான் கத்திய சத்தம்தான் மரியதாஸின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றே குழந்தையோடு போய், தங்கை தங்கியிருந்த தோழி வீட்டு வாசலில் நின்றான். “தப்புப் பண்ணிட்டேன், ஜெசி,” என்றான். அத்தையைக் கண்டதும் ஆன்சி, கட்டுப்போடாத கையை நீட்டித் தாவினாள். ஜெசிந்தா சட்டென்று தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“வேணாம்ண்ணே, நீயே வச்சுக்க,” என்றாள். “எனக்குப் பயமாயிருக்கு.”