மார்த்தாவுக்கு மட்டும் சம்மதமில்லை

"எனக்குச் சம்மதமில்ல."

மார்த்தா எழுந்து நின்னு அவ்வளவுதான் சொன்னாங்க. உட்கார்ந்துட்டாங்க.

தாமரைச்செல்வியோட ஒரு வருஷ உழைப்பு அங்கேயே படுத்துடுச்சு!

குவேக்கர்கள்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அவங்க கூடிப் பேசற இடத்துல ஓட்டெடுப்பே கிடையாது. ஒருத்தருக்கு மனசு ஒப்பலன்னாலும் காரியம் நின்னுடும். மத்த எல்லாரும் தலையாட்டியாச்சு. எண்பது வயசு மார்த்தா மட்டும் முடியாதுங்கறாங்க. காரணமும் சொல்லல.

விஷயம் இதுதான். அமெரிக்காவுல வெஸ்ட் வின்ட்சர் பக்கத்துல குவேக்கர்களோட பழைய பிரார்த்தனைக் கூடம். சிலுவை கிடையாது, மணி கிடையாது, பாதிரியார் கிடையாது. மர பெஞ்சு, மௌனம், அவ்வளவுதான். ஒட்டினாப்ல அவங்க கல்லறைத் தோட்டம். பணக்காரனோ ஏழையோ, எல்லாருக்கும் முழங்கால் உயரத்துக்கு ஒரே மாதிரி கல்லு.

அதுக்கு முன்னாடி போற ரோட்டை நாலு லேன் ஆக்கப் போறாங்களாம். தோட்டத்துல பாதி போயிடும். ஹிஸ்டாரிக் சைட்னு ரிஜிஸ்டர் பண்ணிட்டா யாரும் கை வைக்க முடியாது. எதிர் வீட்டுத் தாமரை விடுவாளா? இடுப்புல குழந்தை, தோள்ல கேமரா, லைப்ரரி லைப்ரரியா அலைஞ்சா.

"ஏண்டி, சுடுகாட்டுக்கு எதிர்ல வீடு வாங்கினதே தப்பு. அதுக்கு சர்டிஃபிகேட் வேற வாங்கித் தர்றியா?"ன்னாங்க தமிழ்ச் சங்கத்து வசந்தாமணி ஆன்ட்டி.

"ஆன்ட்டி, அடிமைத்தனம் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே சொன்னவங்க தூங்கற இடம் அது. விடவே மாட்டேன்!"

இடத்துக்காரங்க சம்மதம் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அதுலதான் மண்ணு விழுந்துச்சு.

உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா? யாருக்காக ஓடறோமோ, அவங்களே காலை வாரி விடறது?

கூட்டம் கலைஞ்சதும் தாமரை வேகவேகமா தோட்டத்துக்குப் போனா. மார்த்தா குனிஞ்சு களை பிடுங்கிட்டு இருந்தாங்க.

"உங்க அம்மா அப்பா இங்கதானே இருக்காங்க, மார்த்தா ஆன்ட்டி?"

"வெறும் மார்த்தான்னு கூப்பிடு, எத்தனை தடவை சொல்றது? ஆமா, இங்கதான். என் வீட்டுக்காரரும். அதோ, ரோட்டோரக் கல்லு."

"அதைத்தான் முதல்ல பேத்தெடுப்பாங்க! உங்களுக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லையா?"

மார்த்தா அடுத்த களையைப் பிடுங்கினாங்க.

"நான் அடுத்த மாசமும் வருவேன். அதுக்கடுத்த மாசமும் வருவேன். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் அந்த பெஞ்சை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்!"

"செய்வே. உன்னைத்தான் பார்க்கறேனே." மார்த்தா சிரிச்சாங்க. "குழந்தை எங்க?"

"தூங்கறா. அவ அப்பா பார்த்துக்கறார்."

"மஞ்சள் திரை போட்ட ஜன்னல்தானே அவ ரூம்?"

"ஆமா. பேச்சை மாத்தாதீங்க."

"மாத்தல." மார்த்தா கையிலிருந்த மண்ணைத் தட்டி விட்டாங்க. "ரோடு இந்தப் பக்கம் வரலன்னா எந்தப் பக்கம் போகும்னு டவுன் ஆபீஸ்ல கேட்டேன். நீ கேட்டியா?"

தாமரை திரும்பிப் பார்த்தா.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு வீடு. மாடியில மஞ்சள் திரை ஆடிட்டு இருந்துச்சு.

மார்த்தா மெதுவா அவ தோளைத் தொட்டாங்க.

"இங்க தூங்கறவங்களை எழுப்பினா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, தாமரை. அங்க தூங்கறவ அழுவாளே!"