இருபது நிமிஷம்

"நிறுத்தாதம்மா, அமுக்கு! அப்பா மூச்சு உன் கையிலதான் இருக்கு."

மகள் டோரதி அதட்டியதும் சகாயம்மாள் ரப்பர் பலூனை மறுபடி அமுக்கினாள். அமுக்கினால் கட்டிலில் கிடந்த சவரிநாதனின் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். ஜீயபுரம் வாழைத் தோட்டத்தில் இலை அறுக்கப் போனவரை ஏதோ பாம்பு தீண்டி, மூச்சு நின்று, இது மூன்றாம் நாள். எண்பத்து மூன்றாம் வருஷத்து திருச்சியில், அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே மூச்சு மிஷினும் ரிப்பேர். வாய் வழியாக இறக்கிய குழாயும், அதன் முனையில் இந்தப் பலூனும்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தன.

டாக்டர் கலீல் ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கிச் சாய்த்தார். உள்ளே இருந்த ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

"மறுபடியும் உறையலம்மா. இருபது நிமிஷத்துல கட்டியாயிருக்கணும்."

"முதல் நாள் உறைஞ்சுதுன்னு அம்மாகிட்ட நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?" என்றாள் டோரதி.

"உறைஞ்சுது. நேத்துலேர்ந்துதான் உறையல. எனக்கே ஒண்ணும் பிடிபடல. மூச்சை நிறுத்துற பாம்பு ரத்தத்தைக் கெடுக்காது. ரத்தத்தைக் கெடுக்குற பாம்புன்னா முதல் நாளே கெடுத்திருக்கணும்."

"அப்ப இது என்ன பாம்பு, அரைப் பாம்பா?"

அவர்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் டோரதி, பி.எஸ்சி. வேதியியல். மதுரையில் வேலை. தந்தி கிடைத்து நேற்று விடியற்காலை வந்து இறங்கியதிலிருந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் வார்டில் யாருமில்லை.

"பலூன் இறுகுது புள்ள, காத்து உள்ள போகமாட்டேங்குது" என்றாள் சகாயம்மாள்.

டாக்டர் அவசரமாகச் சளியை உறிஞ்சி எடுத்தார். "வாய்க் குழாய் இனிமே தாங்காது. இன்னிக்கே தொண்டையில துளை போட்டாகணும். ஆனா இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு கத்தி வெச்சா, ரத்தம் நிக்கவே நிக்காது."

"வேற வழியே இல்லையா?"

"அமெரிக்காவுல ரத்தத்தையே உடம்புக்கு வெளியே எடுத்து, காத்து ஏத்தி, திரும்ப உள்ளே விடுற மிஷின் இருக்காம். நான் புஸ்தகத்துல படிச்சதோட சரி. அதுலகூட, ரத்தம் இந்த லட்சணத்துல இருந்தா கிட்ட சேர்க்கமாட்டாங்க."

ஊசிகளும் கழுவிய குழாய்களும் வைத்த தட்டோடு நின்ற வார்டு ஊழியர் பிச்சைமுத்துவின் பக்கம் டோரதியின் கோபம் திரும்பியது.

"வெத்தலைக் கையோட ஊசித் தட்டைத் தூக்குறாரு பாருங்க! இங்க வந்தா நல்ல ரத்தமும் கெட்டுத்தான் போகும்."

"இருபது வருஷமா இப்படித்தான் பாப்பா தூக்குறேன். செத்தவங்க ஒருத்தர்கூட குறை சொன்னதில்ல."

டோரதி அவரை முறைத்துவிட்டு டாக்டரிடம் வந்தாள்.

"டாக்டர், காலேஜ் லேப்ல ஒரு சோதனை செஞ்சா, ஒப்பிட்டுப் பாக்கப் பக்கத்துல இன்னொண்ணு வைப்போம். நீங்க வெச்சீங்களா? என் ரத்தத்தை எடுங்க. என்னை எந்தப் பாம்பும் கடிக்கல."

"எப்படிக் கடிக்கும்? பயமிருக்காதா அதுக்கு?" என்று முணுமுணுத்தார் பிச்சைமுத்து.

டாக்டர் தட்டிலிருந்த இன்னொரு குழாயில் அவள் ரத்தத்தை எடுத்து நிறுத்தினார். சகாயம்மாள் கை ஓய்ந்து டோரதி பலூனை வாங்கினாள். ஒவ்வொரு அமுக்கலும் முந்தினதைவிடக் கடினமாக இருந்தது.

இருபது நிமிஷம். டாக்டர் குழாயைச் சாய்த்தார்.

டோரதியின் ரத்தமும் ஓடியது.

"ஐயோ மாதாவே! புள்ளையையும் கடிச்சிருச்சா?" என்று அலறினாள் சகாயம்மாள்.

டாக்டர் அலறவில்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டோருக்கு ஓடிப்போய், பிரிக்காத பெட்டி ஒன்றிலிருந்து புதுக் குழாயை எடுத்து வந்து சவரிநாதனின் ரத்தத்தைப் பிடித்தார். இன்னுமொரு இருபது நிமிஷம். சகாயம்மாள் வாய்க்குள் ஜெபமாலை சொல்ல, டோரதி பல்லைக் கடித்துக்கொண்டு பலூனை அமுக்கினாள்.

டாக்டர் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. ஜெல்லி மாதிரி உறைந்து நின்றது ரத்தம்.

"உங்கப்பா ரத்தத்துல ஒரு குறையும் இல்ல! தியேட்டருக்குச் சொல்லுங்க, சீக்கிரம்!"

கட்டில் உருண்டது. பலூனை நர்ஸ் வாங்கிக்கொள்ள, சகாயம்மாள் பின்னாலேயே ஓடினாள். டோரதிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பிச்சைமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

"பாத்தீங்களா டாக்டர்? ரெண்டு நாளா அழுக்குக் குழாய்ல சோதனை பண்ணி எங்கப்பாவைக் கொல்லப் பாத்திருக்காங்க! எங்களை மாதிரி ஏழைன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரம்! இந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்குங்க!"

கதவருகே போன டாக்டர் நின்றார்.

"அழுக்கு இல்லம்மா, சோப்பு. சோப்பு பட்ட கண்ணாடியில யாரு ரத்தமும் உறையாது. வெறும் தண்ணியில அலசினாப் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். யோவ் பிச்சைமுத்து, யாருய்யா சோப்பு போட்டது?"

"வெறும் தண்ணியில அலசுறது காட்டுமிராண்டிப் பழக்கம்னு நேத்துக் காலையில எங்கிட்டேர்ந்து குழாயெல்லாம் பிடுங்கிக்கிட்டாங்க சார்" என்றார் பிச்சைமுத்து, டோரதியைப் பார்க்காமலே. "அவங்க காலேஜ்ல சோப்புத்தூள் போட்டுத்தான் தேய்ப்பாங்களாம். படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லும்னு விட்டுட்டேன்."